விளையாட்டுக் காரின் மின்வலுக் குறைகள்

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு பழைய மாணவர் சங்கத்தார் எம்மைக் கேட்டபோது, தமிழாசிரியராகிய யாம் இலக்கியத்திலிருந்தோ இலக்கணத்திலிருந்தோ ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம் என்றே அவர்கள் எண்ணியிருப்பர். யாமோ வானொலி அலையாற் செலுத்தப்படும் விளையாட்டுக் காரின் மின்வலுக் குறைகளைப் பற்றி எழுதத் துணிந்தோம். இதற்குக் காரணம் உண்டு. கல்லூரியின் பொழுதுபோக்குக் கழகத்துக்குப் பொறுப்பாசிரியராக யாம் மூன்று ஆண்டுகளாகக் கடமையாற்றி வருகின்றோம். கழகத்தின் அலுமாரியில், வெளிநாட்டில் வாழும் பழைய மாணவர் ஒருவர் அன்பளிப்பாக அனுப்பிய இரண்டு கார்கள் உள்ளன. அவை ஓடியபோது மாணவரும் யாமும் மகிழ்ந்தோம், ஓடாதபோதே கற்றோம். கற்ற வழியில் யாம் இழைத்த பிழை ஒன்றும் உண்டு. அதனையும் மறையாது கூறுவோம்.

சென்ற ஆண்டு கல்லூரிக் கண்காட்சிக்கு முதல்நாள் மாலை, இரு கார்களுள் ஒன்று குறும்பு செய்யத் தொடங்கிற்று. மெதுவாகச் செலுத்தினால் ஒழுங்காகச் சென்றது, திரும்பென்றால் திரும்பியது. முழு வேகத்தைக் கொடுத்த அளவிலோ ஒருமுறை துள்ளி, சோர்ந்து, சொற்கேளாது நின்றது. இரண்டொரு விநாடி கழிந்தபின் ஒன்றும் நடவாதது போன்று மீண்டும் இயங்கிற்று. பற்றரியைக் கழற்றி வோல்ற்றுமானியில் அளந்தோம், 8.2 வோல்ற்றுக் காட்டிற்று. ஆறு கலங்கள் கொண்ட நிக்கல் உலோக ஐதரைட்டுப் பற்றரிக்கு, மின்னேற்றிய உடனே அது நிறைவான அளவேயாகும். ஆகவே பற்றரி நன்று. குறை காரினுள்ளே உள்ளது என்று தீர்மானித்தோம். முதல்நாள் காரை ஓட்டியவன் பத்தாந் தரத்து மாணவன் ஒருவன். அவன் ஈரப் புல்லில் ஓட்டியதனால் நீர் புகுந்து வேகக் கட்டுப்படுத்தி பழுதாகிவிட்டது என்று உடன் மாணவர் கூறினர். “நான் ஈரத்துக்குள்ளே ஓட்டவில்லை, சேர்” என்று அவன் சொன்னான். யாம் அதனைச் செவிமடுக்கவில்லை. அவனைக் கடிந்துரைத்ததோடு, புதிய கட்டுப்படுத்தியின் விலையை வீட்டாரிடம் பெற்று வருமாறும் பணித்தோம். அவன் தந்தையார் பிறர் நிலத்திலே தோட்டஞ் செய்பவர். அவ்விலை அக்குடும்பத்துக்குச் சிறிதன்று.

அந்த 8.2 வோல்ற்று பொய்யன்று; ஆயின் முழு உண்மையுமன்று. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மூன்று சொற்கள்

மின்னழுத்தம், மின்னோட்டம், தடை என்னும் மூன்று சொற்களின் பொருளை உணர்ந்தவர்க்கு இவ்வாராய்ச்சியிற் பெரும்பகுதி எளிதாகும். அழுத்தம் தள்ளுவது, ஓட்டம் செல்வது, தடை மறிப்பது. இம்மூன்றுக்கும் உள்ள தொடர்பை 1827ஆம் ஆண்டில் சேர்மனி நாட்டு அறிஞர் கியோர்க் ஓம் என்பார் நூல்வழி வெளியிட்டார். ஒரு தடையின் வழியே மின் ஓடுங்கால், அவ்விடத்தில் இழக்கப்படும் அழுத்தம், ஓட்டத்தைத் தடையாற் பெருக்க வருந் தொகையாகும் என்பது அவர் கண்ட விதி.

நம் தோட்டங்களில் நீர் இறைப்பதை அறிந்தவர்க்கு இது புதிதன்று. உயரத்தில் நீர்த்தொட்டி ஒன்று இருக்கின்றது. அதிலிருந்து வரும் குழாயினுள் எங்கோ ஓரிடத்திற் பாசி அடைத்துக்கொண்டது. குழாய்வாய் மூடியிருக்கும்போது அழுத்தமானியை வைத்துப் பார்த்தால் முழு அழுத்தத்தையும் காட்டும். சிறிது திறந்தாலும் குறை தோன்றாது. முழுவதுந் திறந்தாலோ பாய வேண்டிய நீர் சொட்டத் தொடங்கும். நீர் ஓடாதபோது அடைப்பு தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. மின்னும் அவ்வாறே. ஓட்டம் இல்லாத இடத்தில், தடை எத்துணைப் பெரிதாயினும், இழப்பு இல்லை. ஓய்ந்திருக்கும் பற்றரியை அளப்பது, மூடிய குழாயில் அழுத்தத்தை அளப்பதே யாகும்.

மின் செல்லும் வழி

குறையைத் தேடுமுன் வழியை அறிதல் வேண்டும். பற்றரியிலிருந்து மின் செருகியும் குதையும் சேரும் இணைப்பைக் கடந்து வேகக் கட்டுப்படுத்தியை அடைகின்றது. அங்கிருந்து பெரும்பகுதி மோட்டருக்குச் செல்கின்றது. சிறுபகுதி, ஏறக்குறைய 5 அல்லது 6 வோல்ற்றாகக் குறைக்கப்பட்டு, அலையை ஏற்கும் வாங்கிக்கும், முன்சில்லுகளைத் திருப்பும் சேர்வோவுக்கும் செல்கின்றது. கையிலுள்ள செலுத்திக்குத் தனிக் கலங்கள் உண்டு.

மோட்டரும் வாங்கியும் ஒரே பற்றரியை நம்பியிருப்பதை இங்கே கவனிக்க. மோட்டர் மிகுந்த ஓட்டத்தை இழுக்குங்கால் அழுத்தம் மிகத் தாழ்ந்துவிடின், வாங்கியும் உணவின்றி மயங்கும். இக்கால வாங்கியினுள் நுண்கணினி ஒன்று உண்டு. அழுத்தம் ஓர் எல்லைக்குக் கீழ் இறங்கினால் அது நின்று, மீளத் தொடங்கி, செலுத்தியைத் தேடிப் பிடிப்பதற்குச் சிறிது நேரம் எடுக்கும். கார் துள்ளிச் சோர்ந்து, இரண்டொரு விநாடியில் மீண்டமைக்கு இதுவே காரணம். காண்போர் இதனை அலையின் குறையென எண்ணுவர். உண்மையில் இது வலுவின் குறையாகும்.

குறிகளைப் பகுத்தல்

கார் இயங்கவில்லை என்று வரும் மாணவனிடம் யாம் முதலிற் கேட்பது, எது இயங்கவில்லை என்பதேயாம். விடைக்கேற்பத் தேடும் இடம் வேறுபடும்.

முதலாவது, ஒன்றுமே இயங்காமை. விளக்கும் இல்லை, சில்லுந் திரும்பவில்லை. இதற்குப் பெரும்பாலும் எளிய காரணமே இருக்கும். செலுத்தியின் கலங்கள் தீர்ந்திருக்கலாம், ஒரு கலம் தலைகீழாக இடப்பட்டிருக்கலாம், ஆளி மூடப்படாதிருக்கலாம், செருகி முழுதும் உட்செல்லாதிருக்கலாம். காரைக் கழற்றுமுன் இந்நான்கையும் பார்த்தல் வேண்டும். திருகாணியைத் தொடுவதற்கு முன் கண்ணாற் பார்ப்பது நேரத்தை மிச்சமாக்கும்.

இரண்டாவது, முன்சில்லு திரும்புகின்றது. மோட்டர் மாத்திரம் சுழலவில்லை. முன்சில்லு திரும்புவதனால் வாங்கிக்கும் சேர்வோவுக்கும் வலு வருகின்றது என்பது தெளிவு. எனவே மோட்டரையும், அதன் கம்பிகளையும், வேகக் கட்டுப்படுத்தியையுமே ஆராய வேண்டும். இரு கம்பிகளையுடைய மோட்டராயின், அதனைக் காரிலிருந்து பிரித்து, சிறிய பற்றரி ஒன்றில் ஒரு கணம் தொடுத்துப் பார்க்கலாம். சுழன்றால் மோட்டர் நன்று; சுழலாவிடின் காபன் தூரிகைகள் தேய்ந்தோ சிக்கியோ இருக்கலாம். மூன்று கம்பிகளையுடைய தூரிகையற்ற மோட்டரை இவ்வாறு சோதித்தல் ஆகாது. மேலும், கட்டுப்படுத்தியில் பற்றரியின் வகையைக் குறிக்கும் அமைப்பு ஒன்று உண்டு. இலித்தியத்துக்கு அமைத்துவிட்டு நிக்கல் பற்றரியைப் பூட்டினால், அழுத்தம் சிறிது தாழ்ந்தவுடனேயே மோட்டர் நிறுத்தப்படும். கெட்டது ஒன்றுமில்லை, அமைப்பே மாறியுள்ளது.

மூன்றாவது, மெதுவாக ஓடுகையில் நன்று, வேகத்தில் தடுமாற்றம். யாம் மேலே கூறிய காரின் நிலை இதுவே. பற்றரியின் உட்தடை முதிர்ச்சியால் உயர்ந்திருக்கலாம். அல்லது வழியில் ஓர் இணைப்புத் தளர்ந்திருக்கலாம். இரண்டையும் பிரித்தறிவதற்கு அளத்தலன்றி வேறு வழியில்லை.

நான்காவது, தொடக்கத்தில் நன்றாக ஓடிச் சில நிமிடங்களிற் சோர்தல். மோட்டர் கைபொறாத வெம்மை கொண்டிருப்பின், பற்றரியை ஐயுறுமுன் பொறியை ஐயுறுக. சில்லைக் கையாற் சுழற்றிப் பார்த்தால் போதிகையில் மணலோ மயிரோ சிக்கியிருப்பது தெரியும். பற்சில்லுகள் இறுக்கமாகப் பொருந்தியிருப்பினும் மோட்டர் வீணே உழைக்கும். அவற்றுக்கிடையே மெல்லிய கடதாசித் துண்டு ஒன்றை வைத்துப் பொருத்திப் பின் எடுத்துவிட்டால் தக்க இடைவெளி அமையும். மோட்டரின் அச்சிலுள்ள பற்சில்லு அளவிற் பெரிதாயின் வேகம் கூடும். அதற்கேற்ப இழுக்கும் ஓட்டமும் வெம்மையுங் கூடும்.

உழைக்கும்போது அளத்தல்

கண்காட்சி நாட் காலையில், மற்றைக் காரின் பற்றரியை இக்காரிற் பூட்டிப் பார்த்தோம். அதுவும் அவ்வாறே தடுமாறிற்று. அப்போதுதான் எம் கல்லூரிப் பௌதிகவியல் ஆசிரியர் அருகில் வந்து, “கார் நிற்கும்போது அளந்தீர்களா, ஓடும்போது அளந்தீர்களா?” என்று வினவினார். எம்மிடம் விடை இருக்கவில்லை.

அவர் காட்டிய முறையை இங்கே தருகின்றோம். இருவர் வேண்டும். ஒருவர் காரை உறுதியாகப் பிடித்து, பின்சில்லுகள் சாக்குத் துண்டொன்றில் இலேசாக உராயும்படி வைத்துக்கொண்டு, இரண்டு மூன்று விநாடிகளுக்கு மாத்திரம் வேகத்தைக் கொடுத்தல் வேண்டும். மற்றவர் அந்நேரத்தில் பல்மானியைப் பார்த்தல் வேண்டும். சில்லுகளை வெறுவெளியிற் சுழலவிடுவதிற் பயனில்லை; சுமை இல்லாவிடின் ஓட்டமும் சிறிதே. சில்லுகளை முற்றாக அழுத்தி நிறுத்துவதும் தவறு. நின்ற மோட்டர் மிகப் பெரும் ஓட்டத்தை இழுத்துக் கட்டுப்படுத்தியை எரித்துவிடும். கழுத்துப்பட்டியும் தளர்ந்த உடையும் சில்லுக்கு அருகில் வாராதிருக்கட்டும். பல்மானியை அழுத்தத்தை அளக்கும் நிலையிலேயே வைத்தல் வேண்டும். பெரும்பாலான சிறு பல்மானிகள் 10 அம்பியருக்கு மேற்பட்ட ஓட்டத்தைத் தாங்கமாட்டா. மோட்டரின் ஓட்டத்தை அவற்றினூடே செலுத்த முயலற்க.

முதலிற் பற்றரியின் முனைகளில் அளந்தோம். உழைக்கும்போது 7.3 வோல்ற்று. இது குறைகூறத்தக்கதன்று. பின்னர் அதே உழைப்பில், வேகக் கட்டுப்படுத்தியினுள் கம்பிகள் நுழையும் இடத்தில் அளந்தோம். 5.8 வோல்ற்று. பற்றரியை விட்டுப் புறப்பட்டதில் ஒன்றரை வோல்ற்று ஒருசாண் வழியிற் காணாமற் போயிற்று. பல்மானி மெதுவாகவே எண்களை மாற்றுமாதலால், மோட்டர் வெகுண்டெழும் கணத்தில் அழுத்தம் இதனினுந் தாழ்ந்திருக்கும்.

அடுத்து, அளவுகோல் இரண்டையும் நேர்முனைக்கும் எதிர்முனைக்கும் வையாது, சிவப்புக் கம்பியின் வழியிலேயே இணைப்புக்கு இப்பால் ஒன்றும் அப்பால் ஒன்றுமாக வைத்தோம். நல்ல இணைப்பாயின் அங்கே வோல்ற்றின் நூறிற் சில பங்குகளே தோன்றும். எமக்குத் தோன்றியது 1.4 வோல்ற்று. குறை இருந்த இடம் வெளிப்பட்டது. இம்முறையின் சிறப்பு யாதெனில், ஊகத்துக்கு இடமின்றி ஒவ்வோர் இணைப்பையும் தனித்தனியே விசாரித்து விடுவதாகும்.

குதையைக் கழற்றிப் பார்த்தபோது, சிவப்புக் கம்பி சேரும் இடத்தில் வெண்ணிறப் பிளாத்திக்குப் பழுப்பேறி இருந்தது. அங்கே ஓடியது 20 அம்பியர் என வைத்துக்கொள்வோம். இழந்த ஒன்றரை வோல்ற்றைப் பெருக்கினால் 30 வாற்று. சிறிய பற்றாசுக் கோல் ஒன்றின் வலு அவ்வளவே. உலோகத்தை உருக்கும் கோல் ஒன்றினைக் குதையினுள் வைத்துக்கொண்டு காரை ஓட்டியிருக்கின்றோம் என்பது இதன் பொருள். அதற்குக் காரணமான தடையோ, ஓர் ஓமில் ஏறக்குறைய பதின்மூன்றில் ஒரு பங்கு. சிறு பல்மானியின் தடையளக்கும் நிலையில் இத்துணைச் சிறிய அளவை நம்பிக் காண்டல் அரிது. உழைக்கும்போது இழக்கும் அழுத்தத்தைக் கொண்டே இதனை அறியலாகும்.

இங்கே ஒரு பழைய செய்தியையும் குறிப்பிடுதல் பொருந்தும். யப்பானில் சிசுவொக்கா நகரத்துத் தமியா நிறுவனத்தார் 1976ஆம் ஆண்டில் தம் முதலாவது வானொலிக் காரான போர்சே 934ஐ வெளியிட்டனர். அதனைத் தொடர்ந்து வந்த ஆண்டுகளில் பல கார்களில் வேகத்தைக் குறைப்பதற்கு மின்வழியில் வேண்டுமென்றே ஒரு தடையைச் சேர்த்து வந்தனர். மெதுவாக ஓடுகையில் அத்தடை கொதிக்கும். பற்றரியின் ஆற்றலில் ஒரு பகுதி வெப்பமாக வீணாகும். ஓட்டத்தை மிக விரைவாக விட்டுவிட்டுச் செலுத்தும் இலத்திரன் கட்டுப்படுத்தி அவ்வீணை நீக்கிற்று. அறிஞர் முயன்று நீக்கிய அத்தடையையே பொருந்தாத இணைப்பினால் நாம் மீண்டும் காரினுட் புகுத்திவிடுகின்றோம்.

இணைப்பைச் செப்பனிடுதல் கடினமன்று. பழைய பற்றாசை நீக்கி, கம்பியின் செம்பைத் துலக்கி, கம்பியும் முனையும் ஒருங்கே சூடேறிய பின்னரே புதிய பற்றாசை ஓடவிடல் வேண்டும். கோலின் நுனியிற் பற்றாசை உருக்கி மேலே அப்பினால், அது ஒட்டியதுபோற் காணப்படும், உள்ளே ஒட்டாது. ஒரு கம்பியை முடித்து உறையிட்ட பின்னரே மற்றதைத் தொடுக. சிவப்பும் கறுப்பும் மாறினால் கட்டுப்படுத்தி ஒரு கணத்தில் அழியும். வாங்கியின் மயக்கத்தைத் தடுக்கப் பெரிய கொள்ளளவி ஒன்றைப் பூட்டுவாரும் உளர். கணநேரத் தாழ்வை அது தாங்கும்; தளர்ந்த இணைப்பைத் திருத்தாது.

இலித்தியம் பற்றி ஓர் எச்சரிக்கை

மற்றைக் காரின் பற்றரி இலித்தியம் பொலிமர் வகையைச் சார்ந்தது. இலித்திய அயன் மின்கலங்களை உருவாக்கிய அறிஞர் மூவர்க்கு 2019ஆம் ஆண்டின் இரசாயனவியல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது. கைத்தொலைபேசி முதலாக அதன் பயன் எங்கும் பரந்துள்ளது. ஆயின் நிக்கல் பற்றரி பொறுத்துக்கொள்ளும் பிழைகளை இது பொறுப்பதில்லை. கலம் ஒன்றுக்கு முழு மின்னேற்றம் 4.2 வோல்ற்று, அதனை மிஞ்சலாகாது. 3 வோல்ற்றுக்குக் கீழே இறங்கவும் விடலாகாது. பலநாள் வைத்திருப்பதாயின் 3.8 வோல்ற்றளவில் வைத்தல் நன்று. கட்டுப்படுத்தியில் நிக்கல் அமைப்பை வைத்துக்கொண்டு இலித்தியப் பற்றரியைப் பூட்டினால், அது உரிய எல்லையில் நிறுத்தாது. பற்றரி அளவுக்குமீறி வடிந்து கெடும்.

வீங்கிய இலித்தியப் பற்றரியை மின்னேற்றவும் கூடாது, குத்தவும் கூடாது, அலுமாரியில் ஒளித்து வைக்கவும் கூடாது. தீப்பற்றினால் கையாள்பவர்க்கும் கட்டடத்துக்கும் ஆபத்து. மின்னேற்றும்போது ஒருவர் அருகிலிருத்தல் வேண்டும். பற்றரி வீங்கிற்று என்று மாணவன் அஞ்சாது வந்து சொல்வதற்கு ஆசிரியர் இடங்கொடுத்தலும் வேண்டும். ஏச்சுக்கு அஞ்சி ஒளிக்கப்படும் பற்றரியே எல்லாவற்றினுங் கொடியது.

இனி எம் பிழைக்கு வருவோம். பழுப்பேறிய அவ்விணைப்பை முந்திய தவணையிற் பற்றாசு பிடித்தவர் வேறெவருமல்லர், யாமே. கோலின் நுனியில் உருக்கி மேலே அப்பிய பற்றாசு அது. ஈரப்புல்லுக்கும் அக்குறைக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. வேகக் கட்டுப்படுத்தியும் நன்றாகவே இருந்தது. இன்றும் அதே காரில் இயங்குகின்றது. செப்பனிட்ட பின் அளந்தபோது அவ்விடத்து இழப்பு 0.03 வோல்ற்று. கார் அன்று பிற்பகற் கண்காட்சியில் ஓடிற்று.

அம்மாணவனோ அன்று கல்லூரிக்கு வந்திருக்கவில்லை. விலையை எப்படிக் கேட்பது என்றறியாது வீட்டில் நின்றுவிட்டான் என்பதைப் பின்னர் அறிந்தோம். மறுநாட் காலை, அவனைக் கடிந்துரைத்த அதே இடத்தில், கேட்டிருந்த அதே மாணவர் முன்னிலையில், குறை எம்முடையது என்று கூறினோம். அவன் ஒன்றும் பேசவில்லை. காரைப் பார்க்கலாமா என்று மாத்திரங் கேட்டான். பழுப்பேறிய குதையை அவனிடம் கொடுத்தோம். அது இன்று கழக அலுமாரியின் முன்தட்டில், அவன் கையால் எழுதிய குறிப்போடு இருக்கின்றது: “உழைக்கும்போது அளக்கவும்.”

விழாவுக்கு வரும் பழைய மாணவர்கள் அவ்வறைக்கும் வந்து காரை ஓட்டிப் பார்ப்பார்களாக. அது தடுமாறினால், எவரையும் கேட்குமுன் பல்மானியை எடுக்குமாறு வேண்டுகின்றோம். அது முதலாந் தட்டில் இருக்கின்றது.